ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவர்களின் இதயம்

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்து, துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், சற்று நேரத்துக்குள் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார்: "ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது சார். காபியைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை." கூடியிருப்பவர்கள் தலையசைப்பார்கள். புகை இல்லை, மது இல்லை, மாமிசம் இல்லை. அப்படியிருந்தும் வந்துவிட்டதென்றால் விதி என்றுதானே சொல்ல வேண்டும்? மும்பைத் தமிழர்களிடையே பிறந்து வளர்ந்து, இங்கேயே ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று. இறந்தவரைப் பற்றிய அளவில் அது உண்மைதான். கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்கு அது தரும் தைரியம்தான் ஆபத்தானது.

அந்தத் தைரியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. முதன்முறையாக மாரடைப்பு வந்தவர்களையும், அதே வயதில் வராதவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 30,000 பேரை அது ஒப்பிட்டது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களுக்கு 90 சதவீதத்தையும் பெண்களுக்கு 94 சதவீதத்தையும் ஒன்பது காரணங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது அதன் முடிவு. புகையிலை, ரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், தினமும் காயும் பழமும் உண்ணாமை, உடற்பயிற்சி இல்லாமை, மது தொடர்பான பழக்கம் ஆகியவை அந்த ஒன்பது. நம் வீடுகளில் 'கெட்ட பழக்கம்' என்று சொல்லப்படுபவை இவற்றில் இரண்டுதான். மாமிசம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மீதமுள்ள ஏழும் பூஜை அறை உள்ள வீட்டில், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரிடத்தில், காலை ஐந்து மணிக்கு எழுந்து குளிப்பவரிடத்தில் எந்தத் தடையும் இல்லாமல் குடியிருக்கக்கூடியவை.

இதே ஆய்வில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் விவரங்களை மட்டும் தனியே பிரித்து 2007இல் வெளியிட்டார்கள். நம் பகுதியில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நமக்கு வந்துவிடுகிறது. இதற்கு நம் மரபணுவைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவார்கள். அதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் நோய் வராத தெற்காசியர்களில்கூட, தினமும் காயும் பழமும் உண்பவர்கள் 26.5 சதவீதம் பேர்தான். பிற நாடுகளில் 45.2 சதவீதம். ஓரளவாவது மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்பவர்கள் இங்கே 6.1 சதவீதம், அங்கே 21.6 சதவீதம். சைவ உணவுக்காரர்கள் நிறைந்த நாட்டில் காய்கறி உண்பவர்கள் இத்தனை குறைவு என்பதை நம் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். பார்ப்பவர்களுக்கு வியப்பிருக்காது.

தட்டுக்குப் போவதற்கு முன், உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு சிறிதுசிறிதாகப் படிகிறது; அதைச் சுற்றி அழற்சி உண்டாகிப் படிவு தடிக்கிறது; ஒருநாள் அதன் மேல்தோல் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்கிறது. அடைப்பது சில நிமிடங்களில் நடந்துவிடும், ஆனால் படிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் எழுதிய மருத்துவர்கள், சராசரி வயது 22 மட்டுமே இருந்த அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளங்களைக் கண்டார்கள். எனவே ஓய்வு பெற்ற மறுநாள் கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றத் தொடங்குவது நல்ல காரியம்தான் என்றாலும், அதற்குள் முப்பது ஆண்டு வேலை உள்ளே நடந்து முடிந்திருக்கும்.

இனி சமையலறை. வங்கியில் இருந்த பழக்கத்தால் எனக்கு எதையும் மாதக் கணக்காகப் பார்க்கத்தான் தெரியும். அதில் ஒரு வசதி உண்டு. யார் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று நாவை வைத்துத் தீர்மானிக்க முடியாது, மளிகைச் சீட்டை வைத்துத் தீர்மானிக்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். மாதத்துக்கு ஒன்று என்றால் அதுவே அளவை மீறியது. அதோடு கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், நாலு மணிக்குத் தேநீரோடு கொறிக்கும் ஃபர்சான், ஸ்டேஷன் வாசலில் சாப்பிடும் வடா பாவ், அந்தப் பாவிலேயே உள்ள உப்பு ஆகியவை இந்தக் கணக்கில் வரவே வராது. சாம்பாரிலும் ரசத்திலும் உப்பைக் குறைத்து, தயிர் சாதத்துக்கு இரண்டு மாவடு வைத்துக்கொண்டால் குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

இந்த இடத்தில் இந்துப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சொசைட்டியில் பாதி வீடுகள் இந்துப்புக்கு மாறிவிட்டன. அது ரத்த அழுத்தத்தை ஏற்றாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பை வாங்கினால், அயோடின் கிடைக்காமல் போகும் நஷ்டமும் சேரும். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு என்பது வேறு பொருள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

எண்ணெயையும் மாதக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், போனால் முக்கால் லிட்டர் என்று உணவியலாளர்கள் சொல்வதை வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு மூன்று லிட்டர் என்பது மேல் வரம்பு. ஐந்து லிட்டர் கேன் ஒரு மாதத்தில் தீரும் வீட்டில், எந்த எண்ணெய் நல்லது என்ற விவாதத்தை வைத்துக்கொள்வதில் பொருளில்லை. இருந்தாலும் கேட்பார்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் சமையலுக்குப் பொருந்தியவை, இதயத்துக்கும் பாதகமில்லாதவை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம், தமனியில் படியும் கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 சதவீதத்துக்கும் மேல். பாட்டி நூறு வயது வாழ்ந்தாள், நெய் சாப்பிட்டாள் என்பார்கள். பாட்டி அம்மியில் அரைத்தாள், கிணற்றில் நீர் இறைத்தாள், அந்த நெய்யும் பண்டிகை நாளில் ஒரு கரண்டிதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருப்பு சாதத்தில் ஒரு சிறு கரண்டி நெய்யால் யாரும் சாகப்போவதில்லை. மைசூர்பாகு வேறு விஷயம்.

வனஸ்பதியைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கிவிடும் இரட்டைத் தீமை கொண்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவை 2021இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதமாகவும் கட்டுப்படுத்தியது. சட்டம் எட்டாத இடம் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் தெருமுனைக் கடாய்.

சோறுதான் கடினமான பகுதி. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போட்டுக்கொள்ளும் அமைப்பிலேயே நம் சாப்பாட்டை வகுத்திருக்கிறார்கள். பொரியலும் கூட்டும் அந்தச் சோற்றை உள்ளே அனுப்புவதற்கான துணை. இந்தியர்கள் உட்கொள்ளும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடத்திய தேசிய ஆய்வு கண்டது. அதே ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இந்த மாவுச்சத்து உடல் உழைக்காதவருக்கு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாறி ரத்தத்தில் ஏறுகிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது, வயிறு முன்னே வருகிறது. இந்தியர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் சேர்க்கை இது. பலர் இதற்கு மாற்றாக இரவில் சப்பாத்திக்குத் தாவுகிறார்கள். கூடவே உருளைக்கிழங்கு மசாலாவைத் தொட்டுக்கொண்டு, நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, சோறு சாப்பிடவில்லை என்ற நிம்மதியோடு படுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பலித்த ஏற்பாடு, பரிமாறும் வரிசையை மாற்றியது. முதலில் கிண்ணம் நிறையப் பொரியலும் கூட்டும், அதைத் தனியாகவே சாப்பிடுவது. அதன் பின் ஒரே ஒரு முறை சோறு, அதற்குள் சாம்பாரா ரசமா என்று அன்றைக்குத் தீர்மானித்துக்கொள்வது. கடைசியில் சோறு இல்லாமல் ஒரு கிண்ணம் தயிர். முதல் வாரம் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை, முளைக்கீரை, கொத்தவரை என்று ஊரில் கிடைப்பதெல்லாம் கிடைப்பதால் சலிப்புக்கு இடமில்லை. தினமும் 400 கிராம் காயும் பழமும் சேர்ந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நறுக்கி எடை போட்டுப் பார்த்தால், நாம் பொரியல் என்று தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்வது அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது.

இவற்றை ஒரு வீடு தனியாகச் செய்வது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில், நடுத்தர வயது ஆண்கள் இதய நோயால் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தபோது, 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் பொறுப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. நோயாளிகளுக்கு அறிவுரை சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. இல்லத்தரசிகளின் சங்கங்கள், பால் பண்ணைகள், தொத்திறைச்சி செய்பவர்கள், பள்ளிகள், கடைகள் என்று ஊர் மொத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வெண்ணெய் குறைந்தது, உப்பு குறைந்தது, காய்கறி கூடியது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. நம்மிடம் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. மும்பையில் ஒரு தமிழ் விழா என்றால் இடைவேளையில் கேசரி, போண்டா, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி என்பது எழுதாத சட்டம். நவராத்திரிக்கு வீடு வீடாகச் சுண்டல் கொடுத்த சமூகம் நாம். மீதி 356 நாட்களுக்கும் அந்தச் சுண்டலையே விழா மேடைக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று ஒரு செயற்குழுவில் கேட்டேன். "சார், ஜனங்க வரமாட்டாங்க" என்றார் செயலாளர். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கலாம்.

நடமாட்டத்துக்கு வருகிறேன். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு, மும்பைக்காரர்களுக்கு உடனே புரியக்கூடியது. அவர் இரட்டைத் தட்டு பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி, ஒரே பஸ். ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, அவ்வளவு கடுமையாகவும் இல்லை. பிறகு சீருடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் அவர் எழுதினார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரமாக நிறுவிய முதல் ஆய்வு என்று அதைச் சொல்வார்கள். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். நம் ஊரிலும் 1937இலிருந்து 2023 செப்டம்பர் வரை பெஸ்ட் நிறுவனத்தின் பழைய இரட்டைத் தட்டு பஸ்கள் ஓடின; ஆனால் இங்கே தட்டுக்கு ஒரு நடத்துநர் என்பதால் லண்டன்காரரின் படியேற்றம் நம்மவருக்கு வாய்க்கவில்லை.

பஸ் நடத்துநருக்கு வாய்க்காததை இந்த நகரம் ரயில் பயணிக்குக் கொடுத்தது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, பாலத்தில் ஏற்றம், இறக்கம், தாதரிலோ குர்லாவிலோ வண்டி மாற மறுபடியும் ஏற்றம், ஓட்டம், பிறகு சி.எஸ்.டி. ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை நடை. மாலையில் இதெல்லாம் திரும்ப. முப்பது ஆண்டுகள் அப்படிப் போய்வந்த என் தலைமுறை, தெரியாமலே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தது. கையில் டிபன் டப்பாவும் பையுமாக மூச்சு வாங்கப் படியேறியவர்கள் இன்று எஸ்கலேட்டரில் நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும் டாக்ஸியில் ஏறுகிறார்கள், அல்லது வீட்டிலேயே மடிக்கணினியின் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். வசதி வந்ததைக் குறை சொல்ல நான் யார்? நெரிசலில் தொங்கிச் சென்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பயணம் இலவசமாகக் கொடுத்துவந்த நடையை வேறெங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது: வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை அல்லது அதற்கு ஈடான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. கோயிலைச் சுற்றி அரட்டையடித்துக்கொண்டே நடப்பது மனத்துக்கு நல்லது, இதயத்துக்கு அவ்வளவாகப் போதாது. "நாள் முழுக்க நின்னுண்டே வேலை செய்யறேன், எனக்கு எதுக்கு வாக்கிங்?" என்று கேட்கும் மாமிகளுக்கும் இதே பதில்தான். நிற்பது உட்காருவதைவிட மேல், ஆனால் அதில் இதயத் துடிப்பு ஏறுவதில்லை. மழைக்காலத்தில் நடக்க முடியாத மூன்று மாதங்களுக்குக் கட்டடத்தின் மாடிப்படியே போதும். சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் என்பதால், நேரமில்லை என்பவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். நெடுங்காலம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மகன் வாங்கிக் கொடுத்த ஜிம் சந்தாவை வீணாக்கக் கூடாதென்று முதல் நாளே கனத்த எடையைத் தூக்குபவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

தொப்பையை அளப்பதில் ஒரு சிறு மோசடி நடக்கிறது. பேண்ட் அளவு 34தான் என்பார்கள். பேண்டை வயிற்றுக்குக் கீழே போட்டால் எத்தனை ஆண்டானாலும் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறும் உள்ள நம் உடலமைப்புக்கு, எடை பார்க்கும் இயந்திரத்தைவிட இந்த டேப் உண்மையைச் சொல்லும்.

புகையிலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் இரண்டு செய்திகளோடு விடுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்பவருக்கு, இருபது சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக உள்ள இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். எனவே குறைத்துக்கொண்டேன் என்பது நுரையீரலுக்கு ஆகலாம், இதயத்துக்கு ஆகாது. நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடும் என்பது இதன் மறுபக்கம். தாராவியில் தோல் பட்டறையிலும் குயவர் குடியிருப்பிலும் கடுமையாக உழைப்பவர்கள், உழைப்பால் சேர்த்ததை மாவா என்ற மெல்லும் புகையிலைக் கலவையாலும் பீடியாலும் இழக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2012இலிருந்து குட்காவுக்குத் தடை. கடைக்காரரைக் கேட்டால் தடை எங்கே என்பார். பல் துலக்குவதாகச் சொல்லி வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரியை ஈறில் தேய்த்துக்கொள்ளும் பெண்கள், தமக்குப் புகையிலைப் பழக்கம் இருப்பதாகவே நினைப்பதில்லை.

தூக்கத்தை இதயத்தோடு சேர்த்துப் பேசுவது புதிது. அமெரிக்க இதயச் சங்கம் தன் அடிப்படைப் பட்டியலில் 2022இல்தான் அதைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இரவில் 7 முதல் 9 மணி நேரம். அம்பர்நாத்திலிருந்தும் விராரிலிருந்தும் விடியற்காலை வண்டியைப் பிடிப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உரத்த குறட்டை வேறு. நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி தொடங்கும் குறட்டை, மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தத்துக்கு ஒரு காரணம்; பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி, அவர்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் வற்புறுத்துவது ரத்த அழுத்தத்தை. நாற்பதிலிருந்து எழுபது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 115/75க்கு மேலே, மேல் எண்ணில் ஒவ்வொரு 20 அல்லது கீழ் எண்ணில் ஒவ்வொரு 10 ஏறும்போதும் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்பது பத்து லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002இல் வெளியான கணக்கு. வலி இல்லை, மயக்கம் இல்லை, அதனால் யாரும் நம்புவதில்லை. வீட்டில் கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் முறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். காய்கறிப் பையை இறக்கிவைத்த கையோடு, சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, தொலைக்காட்சியில் வரும் செய்தியைத் திட்டிக்கொண்டே பொத்தானை அழுத்துவார்கள். 160 என்று காட்டும். கருவி சரியில்லை என்று உறைக்குள் வைத்துவிடுவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி ஆன பிறகு, முதுகுக்குச் சாய்மானமும் பாதங்களுக்குத் தரையும் கிடைக்கும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதன் பிறகு மாத்திரை கொடுத்தால் சாப்பிட வேண்டும். "மாத்திரை போட்டா நார்மலாயிடுச்சு, அதனால நிறுத்திட்டேன்" என்று பெருமையோடு சொல்பவர்களை எல்லாக் கட்டடத்திலும் பார்க்கலாம். பழக்கத்தை மாற்றுவதால் அழுத்தம் இறங்குவது உண்மை. உப்பும் எடையும் குறைந்து மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். குறைத்தது மருத்துவர்.

பெண்களைப் பற்றி ஒன்று. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறி, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய்க்கான ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். குழந்தைக்கு முப்பது வயதாகும்போது அந்தப் பழைய கதையை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. நெஞ்சை அழுத்தும் வலிக்குப் பதில் மூச்சுத் திணறலும் தாடையில் வலியும் அசாத்தியக் களைப்புமாக மாரடைப்பு வரும்போது, 'வாயு' என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதும் அவர்கள்தான்.

தகப்பனாருக்கு 55 வயதுக்கு முன்போ, தாயாருக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனைக்கு நாற்பது வயது வரை காத்திருக்கச் சலுகை இல்லை. துக்க வீட்டில் "ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று பேசிக்கொண்டிருக்கும்போது, இருபத்தைந்து வயதில் ஒரு மகன் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பான். அவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துவிட வேண்டும் என்கிறது. குடும்பத்தில் நோய் இருந்தால் இன்னும் முன்னதாக. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சாதாரணமானவர்களுக்கு 100க்குக் கீழும், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70க்குக் கீழும் இருக்க வேண்டும். கூடவே வாழ்நாளில் ஒரு முறையாவது லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற பரிசோதனையையும் செய்யச் சொல்கிறது. பெற்றோர் வழியாக வரும் இந்தக் கொழுப்புத் துகள் இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு அளவுக்கு மேல் இருக்கிறது, உணவாலும் நடையாலும் அது பெரிதாக இறங்காது. ஆகவே அது அதிகமாக உள்ளவர் முதலில் சொன்ன ஒன்பது காரணங்களிலும் இரட்டிப்புக் கறாராக இருக்க வேண்டியிருக்கும், மருத்துவர் எல்.டி.எல்.லைக் குறைக்க மாத்திரையையும் முன்னதாகத் தொடங்கக்கூடும். வெறும் வயிற்றில் போக வேண்டுமே, ஆபீசுக்கு நேரமாகிவிடுமே என்ற சாக்கும் இப்போது செல்லாது; முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம், டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் மட்டும் இன்னொரு நாள் பட்டினியோடு வரச் சொல்வார்கள்.